செத்ததா எழுதிருவாங்க

2011 ஏப்ரல். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும். நான் திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தால் அட்டெண்டன்ஸில் கொஞ்சம் சலுகை கிடைக்கும் என்பதற்காகச் சேர்ந்தவன். அன்று எங்களுக்கு வெள்ளைத் தொப்பி, ஆளுக்கொரு பதாகை, மத்தியானத்துக்கு எலுமிச்சை சாதப் பொட்டலம். பேகம்பூரைத் தாண்டி உள்ளே இருக்கும் தெருக்களில் ‘வாக்காளர் விழிப்புணர்வு’ செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் போனவன் என்பதால் பேச்சாளர் வேலை எனக்கு.

ஒரு குழாயடியில் பத்துப் பதினைந்து பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் தானாகக் கிடைத்த மகிழ்ச்சியில் மூன்று நிமிடம் பேசினேன். ஜனநாயகம், கடமை, விரல்நுனி, மாற்றம். முடித்ததும் ஒரு அக்கா சொன்னார்: “தம்பி, நாங்க எப்பப் போடாம இருந்தோம்? போடாதவங்க இருக்கற எடத்துல போயிச் சொல்லுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மா சிரிக்கவில்லை. தெருக்கோடியில் இருந்த கிணற்றைக் காட்டினார். “அது கெடக்கட்டும். எந்தப் பட்டன அமுக்குனா இந்தக் கெணத்துத் தண்ணி நல்லாகும்? அதச் சொல்லிட்டுப் போ.”

அந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்புக் கழிவு இறங்கி உப்புக் கரிக்கும் தண்ணீர். துணிகூடத் துவைக்க முடியாது.

நான் சொன்ன பதில் பதினான்கு வருஷம் கழித்தும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. “அதெல்லாம் நாங்க சொல்லக்கூடாதும்மா. நாங்க நடுநிலை.”

பிறகு போய் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதுவரை இல்லாத உயரம். எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

என் பொறியியல் மூளைக்கு அந்தக் கேள்வி வெறும் கிண்டலாகத்தான் பட்டது. அது கிண்டல் இல்லை என்பது பல வருஷம் கழித்து, வேறெதற்கோ படித்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் தொழிற்சாலைகளின் மாசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பில் எங்கள் மாவட்டத்தின் பெயரும் உண்டு. அப்போது அதற்கு ‘திண்டுக்கல் அண்ணா’ என்று பெயர். தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றை மூட உத்தரவு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அதை முதல் பாடமாகப் படிக்கிறார்கள். ஆக, அந்த அம்மாவுக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. ‘எந்தப் பட்டனும் இல்லம்மா, ஆனா இப்படி ஒரு தீர்ப்பு இருக்கு, இன்னின்ன இடத்துல இழப்பீடு கேட்கலாம், இதையெல்லாம் ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஏன் நடக்கலைன்னு கேளுங்க’ என்று நான் சொல்லியிருக்கலாம். அதில் எந்தக் கட்சிச் சார்பும் இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். என்னை அனுப்பியவர்களும் அதை எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பதாகையில் அதற்கு இடமில்லை.

ஓட்டுப் போடு என்று சொல்லலாம், எதற்கு என்று சொல்லக்கூடாது. நம் ஊரில் குடிமைக் கல்வி என்று நடப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். தேர்தல் ஆணையம் 2009இல் ‘ஸ்வீப்’ என்ற வாக்காளர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2011இலிருந்து ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, மாட்டுவண்டியில் பதாகை, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், உறுதிமொழி. ஓட்டுரிமையே இல்லாத பிள்ளைகள் வெயிலில் நடந்துபோய், முப்பது வருஷமாக ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம் ஓட்டுப் போடச் சொல்வது நமக்கு விநோதமாகத் தெரிவதே இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். முதன்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு, முகவரிச் சான்று எதுவும் இல்லாதவர்களுக்கு, வீதியில் வாழ்கிறவர்களுக்கு இந்த முகாம்களால் பலன் உண்டு. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நத்தம் பக்கம் மலையூருக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போயிருக்கிறது. ஒருவர் ஓட்டையும் விட்டுவிடக்கூடாது என்ற அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. குதிரைப் படத்தைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் இயந்திரத்துக்குக் குதிரை கிடைத்த ஊருக்கு ரோடு ஏன் கிடைக்கவில்லை என்று யாராவது அதே பக்கத்தில் கேட்டிருக்கிறார்களா என்றும் தேடுவேன்.

எங்கள் தொழிலில் இந்த வியாதிக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு செயலியை எத்தனை பேர் தினமும் திறக்கிறார்கள் என்று எண்ணுவோம். எண்ணிக்கை கூடினால் செயலி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒருமுறை எண்ணிக்கை இறங்கியபோது எங்கள் குழு உள்ளே ஒரு சுழல்சக்கரம் வைத்தது. தினமும் திறந்து சுற்றினால் ஏதாவது பரிசு. மறுவாரமே எண் எகிறியது. செயலி எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலைக்கு முன்பைவிட ஓர் ஆள்கூட அதிகமாக வரவில்லை. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975லேயே இதைச் சொல்லிவிட்டார்: எதை அளக்கிறோமோ அதையே இலக்காக வைத்தால் அந்த அளவுகோல் கெட்டுப்போகும்.

வாக்குப்பதிவு சதவீதத்தையே ஜனநாயகத்தின் காய்ச்சல்மானியாக வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டின் மிக ஆரோக்கியமான தேர்தல்களில் ஒன்று 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல். சுமார் 89 சதவீதம். அந்தத் தேர்தல் எதற்காகப் பெயர் வாங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘ஃபார்முலா’ என்று அதற்குப் பிறகு நாடே சொல்ல ஆரம்பித்தது. எங்கள் வேடசந்தூரைத் தாண்டினால் வரும் அரவக்குறிச்சியில் 2016இல் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலே ரத்தானது, கூடவே தஞ்சாவூரிலும். அடுத்த வருஷம் ஆர்.கே. நகர். 2019இல் வேலூர். எங்கள் சுழல்சக்கரம்தான்.

உடனே மக்கள் விலைபோய்விட்டார்கள் என்று ஆரம்பிப்போம். வேடசந்தூர் பக்கம் இருக்கும் என் அத்தையிடம் ஒருமுறை, வேலை கிடைத்த புதுசு, கொஞ்சம் மிடுக்காகவே கேட்டேன். கவர் வாங்கினாயா என்று. “ஆமா, வாங்குனேன். ரெண்டு பேருகிட்டயும் வாங்குனேன். போட்டது யாருக்குன்னு உங்க மாமாவுக்கே தெரியாது.” கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “அஞ்சு வருசத்துல அவிங்க நம்ம வீட்டு வாசலுக்கு வர்றது அன்னிக்கு மட்டும்தான். அன்னிக்கும் வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?” அத்தை செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. கவர் கொடுக்கிற ஆள், அதைக் கொடுத்த கணத்திலேயே அவளுக்கான கணக்கைத் தீர்த்துவிடுகிறான். அப்புறம் தண்ணீர் வரவில்லை என்று கேட்க அவளுக்கு வாய் எழாது. அதுதான் அந்த வியாபாரத்தின் நிஜ நஷ்டம். ஆனால் ‘விலைபோகாதே’ என்ற பதாகை அவளுக்கு இதைச் சொல்வதில்லை. அது அவள் மானத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறது. ஐந்து வருஷத்தில் ஒருநாள் தவிர மற்ற நாட்களில் அவள் எங்கே போய் என்ன கேட்கலாம் என்று சொல்லாமல், அந்த ஒருநாளில் யோக்கியமாக இரு என்று மட்டும் சொல்கிறது.

சரி, விவரம் தெரியாதவர்கள் ஓட்டுப் போடாமல் இருப்பதே மேல் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜேசன் பிரென்னன் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 2011இல் ஒரு புத்தகமே எழுதினார். ஓட்டுப் போட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது, ஆனால் போடுவதானால் நன்றாக யோசித்துப் போட வேண்டும், முடியாதவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. இருபத்தைந்து வயதில் எனக்கு அது பிரமாதமான வாதமாகத் தோன்றியது. அலுவலக கேன்டீனில் உட்கார்ந்து அதைப் பேசிய நாங்கள் ஆறுபேரும் ஒதுங்க வேண்டியவர்கள் பட்டியலில் எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இது புது யோசனையும் இல்லை. வாட்ஸப்பில் வருஷத்துக்கு இரண்டு முறை சுற்றும் உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு, குடவோலை. ‘உலகுக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த தமிழன்’ என்று முடியும் அந்தச் செய்தியில், ஓலையில் பெயர் எழுதப்படத் தேவையான தகுதிகள் இருக்காது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்திலிருந்து எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி. அது பிராமண ஊர்ச்சபை. என் அத்தைக்கும் குழாயடி அம்மாவுக்கும் எனக்கும் அதில் ஓலை இல்லை. அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த வரி வேறொன்று. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய உறவுக்காரர்களும் மறுபடி நிற்க முடியாது. இந்த ஒன்றை மட்டும் சுவரில் எழுதி வைத்தால் தேவலை.

எங்கள் வீட்டில் ஓட்டுப் போடுவதற்கு யாரும் விழிப்புணர்வு ஊட்டவேண்டிய தேவை இருந்ததில்லை. அப்பத்தா ஒருத்தி போதும். தேர்தல் அன்று நாலரைக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஆறரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். கருப்பட்டிக் காப்பி மட்டும்தான் உள்ளே போயிருக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது கேட்டேன், அப்படி என்ன அவசரம் என்று.

“போடலைன்னா செத்ததா எழுதிருவாங்கடா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் குடிமையியல் இருக்கும். வரலாறும் புவியியலும் முடித்து, வருஷக் கடைசியில் அவசர அவசரமாக நடத்துவார்கள். வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த திருத்தம் எது? 61. ஒரு மார்க். அந்த மார்க்கின் தைரியத்தில் அப்பத்தாவுக்கு வகுப்பெடுத்தேன். அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள், ஓட்டு என்பது உன் உரிமை, போடாவிட்டாலும் உன் பெயர் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். “சரிங்க கலெக்டரு” என்றாள். அடுத்த தேர்தலுக்கும் நாலரைக்கே எழுந்தாள்.

அவள் வாழ்க்கையைப் பட்டியல்களின் வழியாகச் சொல்லிவிடலாம். முப்பத்திரண்டு வயதில் தாத்தா போன பிறகு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் மாற்ற அலைந்தது. விதவை உதவித்தொகைப் பட்டியலில் பெயர் ஏறியது. ஒருமுறை காரணமே சொல்லாமல் அதிலிருந்து பெயர் விழுந்தது. மறுபடி ஏற்ற எட்டு மாதம் ஆனது. ‘லிஸ்ட்டுல பேரு இல்லைன்னா நீ ஆளே இல்ல’ என்பது அவள் அரசியல் சாசனம். எந்தப் பட்டியலில் இருந்து எப்போது விழுவோம் என்று தெரியாது, அதனால் நாம் உயிரோடு இருப்பதைக் கிடைக்கிற சந்தர்ப்பத்திலெல்லாம் நேரில் போய்க் காட்டிவிட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கார் தானாகவே ஒரு சந்தர்ப்பம் தருகிறது. அதை விடுவாளா?

அவள் பயம் வெறும் பயமில்லை என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல், 1951-52. பெண் வாக்காளர்கள் சுமார் எட்டுக் கோடிப்பேர். அதில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன, பெரும்பாலும் வடமாநிலங்களில். கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதவைத்தார்கள். சொந்தப் பெயர் இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கொடுமைதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் வெளியாள் முன்னால் தன் பெயரை உரக்கச் சொல்லக் கற்றுக்கொண்டதைவிடப் பெரிய குடிமைக் கல்வி எது இருக்கமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்னிட் ஷானி என்ற வரலாற்றாய்வாளர் அந்த முதல் வாக்காளர் பட்டியல் தயாரான கதையை 2018இல் ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். அரசியல் சாசனம் முடிவதற்கு முன்பே பட்டியல் வேலை தொடங்கிவிட்டது. பிரிவினையில் வந்த அகதிகள், ஊர்ச் சங்கங்கள், சாதாரண ஆட்கள், எல்லோரும் கடிதம் எழுதுகிறார்கள். என் பெயர் ஏன் இல்லை, நான் எந்த ஊர்க்காரன் என்று முடிவு செய்ய நீங்கள் யார், விதியில் இப்படித்தானே இருக்கிறது. சாசனம் கைக்கு வருவதற்கு முன்பே, பெயருக்காக அவர்கள் போட்ட சண்டையில், அவர்கள் குடிமக்களாகிவிட்டார்கள். யாரும் கோலம் போட்டுச் சொல்லித்தரவில்லை.

திண்டுக்கல்லிலும் அப்படி நடந்தது உண்டு. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைப் பதப்படுத்திய மனிதர்கள் சங்கம் கட்டிய கதை. முதலாளி முன்னால் நிமிர்ந்து நின்று கூலி கேட்டவர்களுக்கு ஓட்டின் மதிப்பைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது. 1973 மே மாதம் இங்கே நடந்த மக்களவை இடைத்தேர்தலை இன்னும் ஊரில் பேசுவார்கள். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மாயத்தேவருக்குக் கிடைத்த இரட்டை இலை யாருக்கும் பழக்கமில்லாத சின்னம். சில வாரங்களில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் வரை அதை அறிந்திருந்தார்கள். எனக்கு அந்தக் கட்சி அரசியலில் இங்கே வேலை இல்லை. தனக்கு வேண்டியது என்று பட்டுவிட்டால் ஜனங்கள் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, கற்பிக்க வேண்டியது யாருக்கு? 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரி 81 சதவீதம். மத்திய சென்னை 54 சதவீதத்தைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் படித்தவர்கள் செறிவாக வாழும் இடம் எது என்று கேட்டால் யாரும் தர்மபுரி என்று சொல்லமாட்டார்கள். குழாயடி அக்கா அன்றே சொல்லிவிட்டார்: போடாதவங்க இருக்கற எடத்துல போயிச் சொல்லுங்க.

ஆனால் நான் போடாதவனும் இல்லை. கதையில் என் பங்கு இங்கேதான் வருகிறது. 2012இல் சென்னைக்கு வேலைக்கு வந்தேன். ஓட்டு மட்டும் திண்டுக்கல்லில், நாகல் நகர் பக்கத்து வீட்டு முகவரியில். எந்தத் தேர்தலையும் தவறவிட்டதில்லை. 2019 ஏப்ரல் 17 இரவு கோயம்பேட்டில் பஸ் கிடைக்காமல் கூட்டத்தில் நசுங்கி, விடியற்காலை நின்றுகொண்டே ஊர்போய்ச் சேர்ந்து ஓட்டுப் போட்டிருக்கிறேன். 2021இல் கொரோனா நேரம், வாசலில் கொடுத்த பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு போட்டேன். வெளியே வந்து கையுறையைக் கழற்றி, மை விரலைப் படம் எடுத்துப் போட்டேன். இருநூற்றுச் சொச்சம் லைக். ‘சர்கார்’ படம் பார்த்துவிட்டு வந்து எல்லோருக்கும் 49-பி விதியை விளக்கினவனும் நான்தான்.

2020 வாக்கில் ஒருநாள் அம்மா போனில் சாக்கடை அடைத்துக்கொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவுன்சிலரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். “கவுன்சிலரே இல்லையேடா” என்றாள். நான் அவர் எங்கேயோ வெளியூர் போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆளே இல்லை என்பதுதான் விஷயம். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு, தள்ளிவைப்பு. தமிழ்நாட்டின் நகரங்களுக்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கும் மேல். 2014இல் மாநகராட்சியாக உயர்ந்த திண்டுக்கல் தன் முதல் மாமன்றத் தேர்தலைப் பார்க்க எட்டு வருஷம் ஆனது. அந்த இடைவெளியில் ஒரு மக்களவைத் தேர்தலும் ஒரு சட்டமன்றத் தேர்தலும் வந்துபோயின. இரண்டுக்கும் கோலம் போட்டார்கள், பலூன் விட்டார்கள், ஓட்டளிப்பது ஜனநாயகக் கடமை என்று உறுதிமொழி எடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கவேண்டிய ஓட்டு காணாமல் போயிருந்ததைப் பற்றி எந்தப் பதாகையும் பேசவில்லை.

பதாகையை ஏன் குறை சொல்வது? நான் கவனிக்கவில்லை. இரண்டு முறை அதே தெருவில் நடந்துபோய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன், அடைத்த சாக்கடையைத் தாண்டி. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. குழாயில் தண்ணீர் வராத அன்று யாரிடம் போவது என்று யோசித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. வருஷத்துக்கு நாற்பது புத்தகம் படிக்கிற, நாட்டு நடப்பை விவாதிக்கிற எனக்குத் தெரியவில்லை. என் ஓட்டு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி இருந்திருக்கிறது. பஸ் ஏறிப் போனேன், கும்பிட்டேன், திருநீறு மாதிரி மையை வைத்துக்கொண்டு வந்தேன். கோயில் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கவில்லை.

2022 அக்டோபர் 2 அன்று, இந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, நான் குடியிருக்கும் இடத்தில் கிராமசபைக் கூட்டத்துக்குப் போனேன். சென்னையின் தெற்கு விளிம்பில் அபார்ட்மெண்டுகள் முளைத்த பல இடங்கள் சட்டப்படி இன்னும் ஊராட்சிதான். எங்கள் வளாகத்தில் முந்நூறு வீடு. நான் ஒருவன்தான் போனேன். ஷாமியானாவுக்குக் கீழே நூறு பேர் இருப்பார்கள். வரவு செலவு வாசித்தார்கள். ஒரு பெண் எழுந்து நூறுநாள் வேலைக் கூலி பாக்கியைத் தேதியோடு கேட்டார். தெருவிளக்கு வாங்கிய கணக்கை ஒரு பெரியவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். எங்கள் ரிலீஸ் மீட்டிங்குகளில்கூட இவ்வளவு துல்லியமாக யாரும் குடைந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு கேள்வி இருந்தது, ஏரிக்கரையில் கொட்டப்படும் கட்டட இடிபாடு பற்றி. கையைத் தூக்கினேன். பக்கத்திலிருந்தவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சார், உங்க ஓட்டு இங்க இருக்கா?”

“இல்லீங்க. திண்டுக்கல்ல.”

“அப்ப உக்காந்து பாருங்க” என்றார். கோபமே இல்லை. விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராமசபை என்கிறது அரசியல் சாசனம். வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஆக ஓட்டு என்பது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அமுக்கும் பட்டன் மட்டும் இல்லை, அந்த ஷாமியானாவுக்குக் கீழே எழுந்து நிற்கும் உரிமையும்தான். எனக்கு அது நான் வாழும் இடத்தில் இல்லை. இருக்கும் இடத்தில் நான் வாழவில்லை. 1950ஆம் வருஷச் சட்டம் ‘வழக்கமாக வசிப்பவர்’ என்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் வழக்கமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்றும் அதிலேயே இருக்கிறது. இதைக் குடிமையியலில் நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் ஒரு மார்க்கோடு மறந்திருப்பேன். திண்டுக்கல்லின் சாக்கடையை அனுபவிக்காமல் திண்டுக்கல்லுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிவிடுகிறவன் நான். பின்விளைவு எனக்கில்லை, அம்மாவுக்கு. ஊர்ப்பாசம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஆனாலும் மாற்றவில்லை. மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். திண்டுக்கல் பட்டியலில் இல்லையென்றால் நான் எந்த ஊர்க்காரன்? அப்பத்தாவின் அரசியல் சாசனம் எனக்குள்ளும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இதற்கிடையில் 2025 ஜனவரி 5 அன்று திண்டுக்கல் மாவட்டக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் இல்லாமல், தனி அலுவலர்கள் கைக்குப் போனது. இந்த முறை எனக்கு உடனே தெரிந்தது. அத்தைதான் போன் செய்து சொன்னாள்.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அங்கன்வாடி டீச்சர் ஒருவர் படிவங்களோடு வந்தார். பெயர், எண், போட்டோ எல்லாம் அச்சடித்தே வந்திருந்தன. முன்பு ஐந்து ஓட்டு இருந்த வீடு. கல்யாணமான தங்கை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் நான்கு படிவம். நாலாவது அப்பத்தாவுடையது. 2017இல் போனவள். 2019, 2021, 2024 மூன்று தேர்தலுக்கும் அவள் பெயரில் பூத் சிலிப் வந்தது. செத்ததாக எழுதிவிடுவார்கள் என்று ஆயுசெல்லாம் பயந்தவளை, செத்த பிறகு எட்டு வருஷம் உயிரோடு வைத்திருந்தார்கள். அம்மா அந்தச் சிலிப்புகளைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு, இடம் மாறியவர்கள், ஆள் இல்லாதவர்கள் என்ற வகை. அந்த எண்ணிக்கையில் எத்தனை நியாயம், எத்தனை அநியாயம் என்ற சண்டை தெருவெல்லாம் நடந்தது. கோலம் போடாமல், பலூன் விடாமல், ஜனங்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு 2002ஆம் வருஷப் பட்டியலில் தகப்பன் பெயரைத் தேடியதைப் பார்த்தேன். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் முதன்முறையாக முந்நூறு வீடும் பேசியது.

ஆனால் நான் சொல்ல வந்தது டீச்சர் வந்த அன்றைக்கு நடந்தது. அம்மா போன் செய்தாள். பின்னால் டீச்சரின் குரல் கேட்டது.

“உன்னோடத நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துரவா? வீட்டாளுக போடலாமாம்.”

“வேணாம்மா. மாறிப் போயிட்டான்னு சொல்லிரு. நான் இங்கயே புதுசா எழுதிக் குடுத்துக்கறேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்ப இனி ஓட்டுக்கு வரமாட்டே.”

“பொங்கலுக்கு வர்றேன்லம்மா.”

“பொங்கலுக்கு எல்லாரும்தான் வருவாங்க” என்றாள். போனை யாரிடமோ கொடுக்கப்போகிறவள் மாதிரி நகர்த்தி, மறுபடி காதில் வைத்தாள். “அப்பத்தா ஃபாரத்துல போட்டோ நல்லா இருக்குடா, சுங்குடிச் சேல கட்டியிருக்காங்க. டீச்சரு இதுல எறந்துட்டாங்கன்னு எழுதச் சொல்றாங்க. நானா எழுதணும்?”

“எழுதும்மா.”

“எந்த வருசம்?”

“பதினேழு.”

பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது.